மகரகேது மகாராஜாவும் பொரித்த அப்பளமும்

உலகத்தில் இதுவரை தோன்றிய உண்மையான வாள்வீரர்கள் மூன்று பேர். முதல் இருவரும் காலமாகிவிட்டார்கள். மூன்றாமவர் இராயபுரத்தில், ஆறுமுகநயினார் அரிசி மண்டியில், மூட்டை குத்திக்கொண்டிருந்தார்.

இந்தக் கணக்கைச் சொன்னவர் மூன்றாமவரே. ஆகையால் இதில் பிழை இருக்க வழியில்லை. முதல் இருவர் யார் என்று மண்டி வாசல் டீக்கடையில் யாராவது கேட்டால், பக்தவச்சலம் கண்ணை மூடிப் பெருமூச்சு விடுவார். "செத்தவங்களப் பத்தி நாம ஒண்ணும் பேசக் கூடாது நைனா" என்பார். கேட்டவருக்கே கொஞ்சம் வெட்கமாகிவிடும்.

பகலில் அவருக்குக் குத்தூசி உத்தியோகம். ரங்கூனிலிருந்து கப்பலில் வருகிற அரிசி மூட்டைகளைப் பிரிக்காமல் பார்ப்பதற்கு அதுதான் கருவி. முனை கூராக, முதுகு வாய்க்கால் மாதிரித் திறந்திருக்கும் இரும்புக் குழல். மூட்டையில் குத்த வேண்டும், மணிக்கட்டைத் திருக வேண்டும், இழுக்க வேண்டும். ஒரு கொத்து அரிசி வழிந்து இடது உள்ளங்கையில் விழும். அதைக் கட்டைவிரலால் தேய்த்து, முகர்ந்து, நாலு மணியைப் பல்லில் கடித்து, "பழசு", "ஈரம்", "எலி" என்று பக்தவச்சலம் தீர்ப்புச் சொல்வார். துறைமுகத்திலிருந்து வந்த எந்த மூட்டையும் அவரிடமிருந்து குத்துப்படாமல் தப்பியதில்லை.

சாயங்காலத்தில் அவர் ராஜபார்ட். வங்கக்கடல் விநோத நாடக சபையின் 'மகரகேது விஜயம்' நாடகத்தில் மகரகேது மகாராஜா அவர்தான். மகரகேது எந்த யுகத்து ராஜா என்பதில் சபைக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. அதனால் அவர் கையில் சீமை வாள் இருப்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. பட்டணத்தில் பயாஸ்கோப் வந்ததிலிருந்து இராயபுரத்து ஜனங்களுக்குச் சரிகைத்தாள் ஒட்டின கட்டை வாளில் நம்பிக்கை போய்விட்டிருந்தது. திரையில் வெள்ளைக்காரன் மாடிப்படியில் ஏறிக்கொண்டே ஊசி மாதிரி வாளால் சண்டை போடுகிறான். இங்கே ராஜாவின் வாள் பாதியில் ஒடிந்து ஆணி தெரிகிறது. ஆகவே சபைத் தலைவர் ஆறுமுகநயினார் மூர் மார்க்கெட்டில் தேடி, பழைய காலத்து மெல்லிய வாள் இரண்டு வாங்கி வந்தார். அசல் இரும்பு. முனையில் ஆபத்தில்லாமல் இருக்க வாளுக்கொரு அரக்கு உருண்டை.

அரக்கு உருண்டை முதல் ஆட்டத்திலேயே உதிர்ந்து போயிற்று.

நடந்தது இதுதான். வில்லன் துர்முகராஜனாக நடித்தவர் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரி முப்பிடாதி. திருநெல்வேலிப் பக்கத்தவர், உடம்பு ஒல்லி. வில்லனுக்குத் தொந்தி வேண்டும் என்பதற்காக அங்கிக்குள் ஓர் இலவம்பஞ்சுத் தலையணையைக் கட்டியிருந்தார். கடைசிக் காட்சியில் மகரகேது, "துரோகி! இந்தா!" என்று குத்தினார். குத்து உள்ளே போயிற்று. அத்தோடு நின்றிருந்தால் நாடகம். மகரகேதுவின் மணிக்கட்டு திருகிற்று. வாள் வெளியே வந்தது, பஞ்சோடு. இடது உள்ளங்கை தானாக நீண்டு அந்தப் பஞ்சை வாங்கிக்கொண்டது. கட்டைவிரல் தேய்த்தது. மூக்கு முகர்ந்தது. மகரகேது மகாராஜா கொஞ்சம் பஞ்சை வாயில் போட்டுக் கடித்தார்.

கொட்டகையில் பாதிப் பேர் மண்டி ஆட்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "இன்னா நைனா, பழசா புதுசா?"

முப்பிடாதிக்குத் தொப்புளுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடுதான். ஆனால் மறுநாள் அவர் தலையணையைக் கொண்டுவந்து தலைவர் முன்னால் வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, நான் மெளகா வத்தல் யாவாரம் பாக்கதுக்கு இந்த ஊருக்கு வந்தவன். மூட்டையா நின்னு குத்துப்படதுக்கு வரல. இந்த மனுசன் முன்னால இனிமே நான் நிக்க மாட்டேன். வேற யாரு நிக்கான்னு பாத்துக்கிடும்."

வேறு யாரும் நிற்கவில்லை. ஒருவருக்குத் திடீரென்று மூலம் வந்தது. இன்னொருவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். அது சித்திரை மாதம். திருவொற்றியூரில் திருவிழா நாடகத்துக்குச் சபை ஒப்புக்கொண்டாகிவிட்டது. கடைசிச் சண்டை இல்லாத மகரகேது விஜயத்தில் விஜயம் எங்கே இருக்கும்?

ஆறுமுகநயினார் பக்தவச்சலத்தைக் கூப்பிட்டார்.

"என்னவே, உமக்கு எதுக்க நிக்கதுக்கு ஆள் இல்லேன்னா நீரு ராசாவா இருந்து என்ன பிரயோசனம்? காலடிப்பேட்டையில பூமாரின்னு ஒரு பொம்பள இருக்கு. வில்லன் வேசம், கள்ளபார்ட் போடும். வரச் சொல்லியிருக்கேன். அது சரின்னா நீரு ராசா. அது மாட்டேன்னு போயிட்டா, கிரீடத்தைச் சுப்புராயன் தலையில வச்சிருவேன். ஆமா."

சுப்புராயன்! பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் கொடி காட்டுகிற சுப்புராயன்! குரல் இருக்கிறது, யார் இல்லையென்றது? ஆனால் அந்தத் தலையில் அந்தக் கிரீடமா? பக்தவச்சலம் அன்று சோறு பாதியில் எழுந்தார். அவருடைய மனைவி கெங்கம்மா வந்து இலையைப் பார்த்துவிட்டு, நாட்டில் ஏதோ பெரிய விபரீதம் என்று புரிந்துகொண்டாள்.

*

பூமாரி மண்டிக்குள் நுழைந்தபோது இடுப்பில் வெற்றிலைப் பெட்டி இருந்தது. அதைத் திறந்தால் ஒரு பக்கம் வெற்றிலை, ஒரு பக்கம் மீசை. மீசையை எடுத்து உதட்டுக்கு மேல் ஒட்டிக்கொண்ட நிமிஷம் அவள் முதுகு நிமிர்ந்து, குரல் கீழே இறங்கி, மூட்டை தூக்குகிற ஆட்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ரங்கூன், கொழும்பு, சிங்கப்பூர் என்று பல ஊர் ராஜபார்ட்டுகளிடம் தினம் ஒரு சாவு செத்துத் திரும்பியவள்.

"எங்கே நைனா, ஒரு குத்துக் குத்திக் காட்டு" என்றாள்.

பக்தவச்சலம் கேட்காமலே காட்டுகிறவர். வாளை எடுத்தார். சுழற்றினார். பக்கத்திலிருந்த மூட்டை மேல் பாய்ந்தார். குத்து, திருகல், இழுப்பு. மூட்டையிலிருந்து அரிசி மாலை மாலையாகக் கொட்டிற்று. பூமாரி அரிசியைப் பார்க்கவில்லை; அவருடைய இடது உள்ளங்கையைப் பார்த்தாள். அது ஏந்திக்கொண்டு தயாராக நின்றது.

"ஓகோ" என்றாள். "அத்தொட்டுதானா ஒருத்தனும் எதுக்க நிக்கல?"

"எத்தொட்டு?"

"குத்துறதுன்னா இன்னான்னு நெனச்சிகினு கீற?"

"குத்துனா உள்ள போவணும். உள்ள போவாத குத்து ஒரு குத்தா?"

"நாடகத்துல உள்ள போனா, அப்பால நான் வூட்டுக்குப் போவ முடியாதுப்பா. வாள் புடி உன்னுது. முனை என்னுது. நான் எங்க வரைக்கும் வுடறேனோ அங்க வரைக்கும்தான் அது வரணும். இதுக்கு ஆட்டம் கீது. பார்சிக் கம்பெனியில ஒரு உஸ்தாத், வெள்ளைக்காரனோட பழைய காலத்து வாள் புஸ்தகம் வச்சிகினு கத்துக் குடுத்தாரு. ரெண்டு ரெண்டு பேரா ஆடற ஆட்டம்."

"ஆட்டமா?" பக்தவச்சலத்தின் புருவம் மேலே போயிற்று. "யுத்தத்துக்குப் பயிற்சி ஆட்டமா? பல்லாங்குழியா, பாண்டியா?"

பூமாரி தன் வாளை நீட்டினாள்.

முதல் ஆட்டத்தின் பேர் ஒட்டு. இரண்டு வாளும் குறுக்கே உரசியபடி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர் நடந்து, வளைந்து, குனிந்து இழுத்துக்கொண்டு போவார். கண் மூடினவர் இரும்பு இரும்பைத் தொடுகிற உணர்ச்சியை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். வாள் விட்டுப்போனால் தோல்வி.

பக்தவச்சலம் கண்ணை மூடினார். எதிராளியை உணர்வதற்குப் பதிலாக அமுக்கினார். பூமாரி தன் வாளைச் சும்மா ஒரு விரல்கடை விலக்கிக்கொண்டாள். அமுக்கின வேகத்தில் மகாராஜா முன்னால் போய், தராசுத் தட்டில் விழுந்து, அது ஊஞ்சல் மாதிரி அவரை ஒரு தரம் ஆட்டிவிட்டு நின்றது.

"எடை சரியா கீதா?" என்று கேட்டாள் பூமாரி.

இரண்டாவது ஆட்டம் தேர். இருவரும் சண்டை போட வேண்டும். ஆனால் திருவொற்றியூர்த் தேர் நகர்கிற மாதிரி மெல்ல. அவசரப்பட்டு வேகம் கூட்டினவர் தோற்றவர். மெல்லப் போனால்தான் தன் கை எங்கே போகிறது என்று தனக்கே தெரியும் என்பது உஸ்தாதின் சித்தாந்தமாம். பக்தவச்சலத்தால் மெல்லச் செய்ய முடிந்தது சாப்பாடு ஒன்றுதான். வாளை ஓங்குகிற வரை தேராக இருந்தார். இறக்கும்போது மெயில் வண்டி ஆகிவிட்டார்.

"மெள்ளப் போறது வித்தை தெரியாதவன் வேல" என்றார், மூச்சு வாங்கியபடி.

"வேகமாப் போறது தெரியாதத மறைக்கறவன் வேல" என்றாள் அவள்.

மூன்றாவதுதான் அப்பளம்.

பூமாரி ஒரு துணி மூட்டையைப் பிரித்தாள். பொரித்த அப்பளங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொரிப்பதற்கு முன்பே ஓர் ஓட்டை போட்டு வைத்திருந்தாள். ஒன்றில் நூலைக் கோத்துத் தன் மார்பில் தொங்கவிட்டுக்கொண்டாள். வாள் முனையில் அரக்குக்குப் பதில் தக்கை வைத்துத் துணி சுற்றி இறுக்கியிருந்தது.

"முழு வீச்சுல வா. அப்பளத்தத் தொடணும். 'டக்'குன்னு சத்தம் எனக்குக் கேக்கணும். ஒடையக் கூடாது. அவ்ளோதான்."

பக்தவச்சலம் அப்பளத்தைப் பார்த்தார். சுற்றி நின்ற மூட்டை ஆட்களைப் பார்த்தார். மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தார், சரித்திரம் இதைக் கவனிக்கிறதா என்பது போல.

"அலெக்சாந்தர் படையெடுத்து வந்தப்ப அப்பளக்கட்டோடயா வந்தான்?"

கூட்டம் சிரித்தது. உற்சாகத்தில் அவர் பாய்ந்தார். அப்பளம் நொறுங்கிற்று. நூலில் மிஞ்சிய துண்டைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு, "ஸோக்கா கீது. நாளைக்கு ரசமும் எட்துகினு வா" என்றார்.

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் பூமாரிதான். ஆனால் நூலில் அடுத்த அப்பளத்தைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

*

அந்த வாரம் டீக்கடையில் வேறு பேச்சு இல்லை. பக்தவச்சலம் தினம் ஒரு புது வசனத்தோடு வந்தார். "எங்க படையில காலாட்படை, குதிரப்படை, அப்புறம் வடாம்படை." "சக்கரவர்த்தி போருக்குப் போறாரு, எண்ணெச் சட்டிய அடுப்புல வை." சுப்புராயனே ஒரு கிளாஸ் டீயோடு உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தான். "மாமு, நீ பேஜாரு புடிச்ச ஆளு மாமு" என்றான். மகரகேதுவின் பாட்டெல்லாம் தனக்கு முன்பே மனப்பாடம் என்றும் சொன்னான். இதைக் கேட்டபிறகு பக்தவச்சலத்துக்கு டீ கசந்தது.

சாயங்காலம் மண்டியில் அப்பளங்கள் நொறுங்கிக்கொண்டிருந்தன. பூமாரி கடிந்துகொள்ளவில்லை. நொறுங்கின ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தைதான். "திருகாத." அடுத்ததுக்கும் அதேதான். "திருகாத நைனா. உள்ள அரிசி இல்ல, நான்தான் கீறேன்."

வெள்ளிக்கிழமையன்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தாம்மே, நானும் பாத்துகினே கீறேன். ராஜபார்ட்டுன்னா ஜனங்க நெஞ்சு பதறணும். நீ இன்னாடான்னா மெள்ள வா, தொடு, நில்லுன்ற. உனக்குப் பயம்னா பயம்னு சொல்லிடு. அப்பளத்து பின்னால ஏன் ஒளிஞ்சிக்கற?"

பூமாரி வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஈரத்துணியை எடுத்தாள். இடது புருவத்தை அழுத்தித் துடைத்தாள். மை துணியில் வந்தது. பாதிப் புருவம்தான் அங்கே இருந்தது. மீதி இருக்க வேண்டிய இடத்தில் கண்ணிமை வரை வழவழவென்று ஒரு தழும்பு இறங்கியிருந்தது.

"மலாக்கா" என்றாள். "அவரும் ராஜபார்ட்டுதான். ஜனங்களுக்கு நெஞ்சு ஸோக்காப் பதறிச்சி. கைதட்டுனாங்க, நான் கீய கெடக்கறப்பவும். நடிக்கறேன்னு நெனச்சிகினு. இன்னும் நெல்லு மணி அளவு கீய எறங்கியிருந்தா கண்ணு. ஒத்தக் கண்ணிக்கு எந்தக் கம்பெனியில வேஷம் குடுப்பான்? ஆமா, பயந்தான். பயம் இல்லாதவன் எதுக்க நிக்கத்தான் எனக்குப் பயம்."

கண்ணாடியைப் பார்க்காமலே விரலால் மையைத் தொட்டுப் புருவத்தை மறுபடி வரைந்துகொண்டாள்.

பக்தவச்சலத்திடம் எதற்கும் ஒரு வசனம் தயாராக இருக்கும். இந்தத் தடவை அவர் வாளைத் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. கடைசியில் ஒன்று கிடைத்தது.

"அவன் கத்துக்குட்டி. நான் அப்பிடியா?"

"ஞாயித்துக்கெயம பாக்கலாம்" என்றாள் பூமாரி. "தலைவரு வர்றாரு. ஒரே ஒரு அப்பளம். ஒடையலன்னா திருவொத்தியூர்ல நான் உன் கையால சாவறேன். ஒடஞ்சா மீசைய எடுத்து உள்ள வச்சிகினு போய்டுவேன்."

*

ஞாயிற்றுக்கிழமை மண்டியில் மூட்டைகளை நகர்த்தி நடுவில் களம் பண்ணியிருந்தார்கள். ஆறுமுகநயினார் உயரமான அடுக்கின் மேல் சிம்மாசனம் போல அமர்ந்திருந்தார். முப்பிடாதி கூடியவரை தள்ளி, கதவோரத்தில், வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். சுப்புராயன் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தான். ஒன்றையும் எதிர்பார்க்காதவன் அவ்வளவு வெள்ளையாகக் கட்ட மாட்டான் என்பதைப் பக்தவச்சலம் கவனித்தார்.

பூமாரி அப்பளத்தைத் தொங்கவிட்டு, அதன் மேல் மெல்லிய மேலாடையைச் சரித்துக்கொண்டாள்.

சண்டை ஆரம்பித்தது. உண்மையைச் சொல்ல வேண்டும்: பக்தவச்சலம் அன்று பிரமாதமாக ஆடினார். அந்த வாரம் முழுவதும் அவர் வாய் கேலி பண்ணிக்கொண்டிருந்தபோது கை அவரைக் கேட்காமலே கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தது. பூமாரியின் வாள் எங்கே போகிறது என்று அவருடைய வாளுக்குத் தெரிந்தது. மேலே தடுத்தார், கீழே தடுத்தார், இருவரும் மூட்டைகளைச் சுற்றி வந்தார்கள். இரும்புச் சத்தம் ஓட்டுக் கூரையில் எதிரொலித்தது. "ஏ, நல்லா இருக்கேவே!" என்று முப்பிடாதியே வயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

பூமாரி சரியான இடத்தில் தடுமாறி, மார்பைத் திறந்து காட்டினாள்.

"துரோகி! இந்தா!"

முழு வீச்சில் பாய்ந்தார். நிறுத்தினார். ஆமாம், நிறுத்தினார்! தக்கை மேலாடையைத் தொட்டது. 'டக்'. தெளிவான, குட்டிச் சத்தம். அப்பளம் உடையவில்லை. உலகத்தின் மூன்றாவது வாள்வீரருக்கு, ஒரு கணம், அது அரிசியில்லை, எதிரே ஓர் ஆள் நிற்கிறாள் என்பது முனை வழியாகவே கைக்குத் தெரிந்தது.

அந்தச் சந்தோஷத்தில் மணிக்கட்டு தளர்ந்தது. தளர்ந்த மணிக்கட்டு, இத்தனை வருஷமாகக் குத்துக்குப் பிறகு என்ன செய்ததோ அதைச் செய்தது.

திருகிற்று.

நொறுங்கின சத்தம் எல்லாருக்கும் கேட்டது. துண்டுகள் மேலாடைக்குக் கீழே உதிர்ந்தன. அவருடைய இடது உள்ளங்கை போய் அவற்றை ஏந்திக்கொண்டது. கட்டைவிரல் தேய்த்தது. கை வாய்க்குப் பாதி வழி போன பிறகுதான் பக்தவச்சலம் அதைப் பார்த்தார்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பூமாரி மீசையைப் பிரித்து வெற்றிலைப் பெட்டியில் வைத்தாள். பெட்டியை மூடினாள்.

"சவத்த" என்று சலித்துக்கொண்டார் ஆறுமுகநயினார். அடுக்கிலிருந்து இறங்கி, உறையிலிருந்த கிரீடத்தை எடுத்து, சுப்புராயன் தலையில் வைத்தார். சற்றுப் பெரிதாகத்தான் இருந்தது. பக்தவச்சலத்தின் தலைக்கு அளவெடுத்துச் செய்தது.

"நான் சுப்புராயன் எதுக்க நிக்கறேன்னு யாரும் நெனச்சிக்காதீங்க" என்றாள் பூமாரி. "அடுத்த ஞாயித்துக்கெயம வருவேன். அவருக்கும் அதே அப்பளந்தான். நடுவுல யாராவது அவரோட ஆடிப் பழக்குங்க."

ஆறுமுகநயினார் சுற்றிலும் பார்த்தார். முப்பிடாதி கதவுக்கு வெளியே போயிருந்தார். மூலக்காரர் வேட்டியைச் சரி செய்தார். அப்போது, கேட்டவர்கள் எல்லாம் வியக்கும்படி, பக்தவச்சலத்தின் குரல் வந்தது.

"நான் பழக்கறேன். ஒரு நாள் போதும். இந்த ஆட்டம் பாட்டம் அப்பளம் கிப்பளம் ஒண்ணும் தேவயில்ல. வித்தை கத்துக் குடுக்க வித்தைக்காரன் போதும்."

பெருந்தன்மை என்று சபை நினைத்தது. பக்தவச்சலத்தின் மனத்தில் வேறு கணக்கு. கொடிக்காரப் பயல் எப்படியும் தோற்பான். கிரீடம் போன வழியே திரும்பி வரும்.

*

மறுநாள் மத்தியானம், மண்டி ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில், சுப்புராயன் வாளை எடுத்தான்.

பேசின் பிரிட்ஜ் யார்டில் கொடி காட்டுவது எப்படிப்பட்ட வேலை என்பதைப் பக்தவச்சலம் அதுவரை யோசித்ததில்லை. எஞ்சின் டிரைவர் தூரத்தில் இருப்பார், புகை மறைக்கும், ஆகவே கையை முழுசாக நீட்டி, தோளிலிருந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வீச வேண்டும். சுப்புராயனுக்குத் தெரிந்த ஒரே வீச்சு அதுதான். அது சரியாக எதிராளியின் முக உயரத்தில் போய் வந்தது.

"மாமு, ரெடியா?"

பக்தவச்சலம் ரெடியாக இல்லை. வாள் அவர் காதை ஒட்டிக் காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அவர் காதில் எப்போதும் செருகியிருக்கும் பென்சில் பறந்துபோய் அரிசி மூட்டை மேல் விழுந்தது. வாள் திரும்பி வந்தது. அவர் குனிந்தார். தலைமயிரில் சிலது குனிய மறந்து நின்றுவிட்டது.

"எப்பிடி கீது மாமு? ஜனங்க நெஞ்சு பதறும்ல?"

பக்தவச்சலம் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கை, யாரும் சொல்லாமல், மெல்ல மேலே போய்ப் புருவத்தைத் தொட்டுப் பார்த்தது. முழுசாக இருந்தது. இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா மாமு, மூஞ்சி வெளுத்துட்ச்சி?"

"வெயிலு" என்றார் பக்தவச்சலம். மண்டிக்குள் வெயில் இல்லை. "நாளைக்கி வா."

அன்று வீட்டில் சாப்பிட்டு முடித்த பிறகும் அவர் அடுக்களை வாசலில் நின்றார். கெங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"காலைல கொஞ்சம் அப்பளம் பொரிச்சிக் குடு. மண்டிக்கு எட்துகினு போவணும்."

"அப்பளமா? வாரமெல்லாம் அத்த வச்சி ஊரே சிரிக்கற மாதிரி பேசிகினு இருந்தியே."

"சோத்துக்குத்தாம்மே. வெறும் சோத்துக்கு."

"பொரிக்கறேன்."

அவர் போகவில்லை. கதவு நிலையை நகத்தால் சுரண்டினார்.

"பொரிக்கறதுக்கு முன்னாடி ஓரத்துல ஒரு ஓட்டை போட்டுடு. நூல் நொழையற மாதிரி."

கெங்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "சோத்துக்குத் துன்ற அப்பளத்துக்கு ஓட்டை இன்னாத்துக்கு?"

பக்தவச்சலம் யோசித்தார்.

"காத்தோட்டத்துக்கு" என்றார்.

காலையில் துணி மூட்டை தயாராக இருந்தது. உள்ளே நூல்கண்டையும் வைத்திருந்தாள்.

மத்தியானம் சுப்புராயன் கொடிக்கம்புக் கையை உதறிக்கொண்டு வந்தபோது, மண்டியின் பெரிய கதவு சாத்தியிருந்தது. டீக்கடையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி. பக்தவச்சலம் களத்தின் நடுவில் நின்றார். சட்டையின் மேல், நெஞ்சுக்கு நேராக, ஒரு பொரித்த அப்பளம் நூலில் தொங்கி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

சுப்புராயனின் வாய் அகலமாகத் திறந்தது. "மாமு! நீதானே அன்னிக்கி, அலெக்சாந்தரு—"

"வாய மூடு." குரல் மிகத் தணிவாக இருந்தது. "தோள்லேர்ந்து வீசாத. மணிக்கட்ட வச்சிகினு வா. மொதல்ல மெள்ள. திருவொத்தியூர் தேரு மாதிரி வா."

சுப்புராயன் நாக்கைக் கடித்துக்கொண்டு, முடிந்தவரை தேராக நகர்ந்தான். வாள் வந்தது. பக்தவச்சலம் கண்ணை மூடவில்லை, அசையவில்லை. முனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் தேர் பள்ளத்தில் இறங்கிற்று. அப்பளம் இரண்டாகப் பிளந்து காலடியில் விழுந்தது.

"போச்சி மாமு."

பக்தவச்சலம் நூலில் மிஞ்சியிருந்த துண்டை அவிழ்த்துப் போட்டார். மூட்டையின் மேலிருந்த துணியைப் பிரித்து, முழுசாக இருந்த இன்னொன்றை எடுத்து, ஓட்டையில் நூலை நுழைத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு, பழைய இடத்தில் வந்து நின்றார்.

"திரும்ப வா" என்றார். "திருகாத."